அறுபது என்று எழுதிய மட்டை

எங்கள் கரிசலில் அருகம்புல்லைப் போல ஒரு சனியன் கிடையாது. பிள்ளையாருக்கு இரண்டு இணுக்கு வைப்பதோடு சரி, புஞ்சைக்குள் வந்துவிட்டால் போச்சு. மேலே பிடுங்கினால் கீழே ஓடும், கீழே தோண்டினால் பத்தடி தள்ளித் தலை நீட்டும். உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் நடுவே குத்தவைத்து அருகு பிடுங்கியே என் முழங்கால் இரண்டும் தேய்ந்தன. அந்தப் புல்லை நட்டு, தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, தலைமுடி வெட்டுகிற மாதிரி வெட்டி வளர்ப்பதற்கு என் வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் மாதச் சம்பளம் கொடுத்தார்கள். கோல்ஃப் மைதானத்தில் புல் பார்க்கிற வேலை. கல்யாணமான புதிதில் அவர் அதைச் சொன்னபோது என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“இங்கன நாங்க பிடுங்கி எறியுதோம். அங்கன சம்பளம் குடுத்து வளக்காவளாக்கும்?”

“ஆமாட்டி. அதுல ஒரு களை முளைச்சா எனக்கு ஏச்சு விழும்.”

“அருகுக்குள்ள களையா? போங்க அங்கிட்டு.”

இருபத்தேழு வருஷம் அவர் அங்கே, நான் இங்கே. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருவார். நாலு ஏக்கர் மானாவாரியை நான்தான் பார்த்தேன். மகளை வளர்த்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்ததும் பெரும்பாலும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். ஒற்றைப் பொம்பளையாக விவசாயம் செய்கிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் பக்கத்துப் புஞ்சைக்காரன் வரப்பு நம் பக்கம் நடந்து வந்துவிடும். ஆனால் வரப்புக்கு ஒரு வாய், வீட்டுக்காரருக்கு ஒரு வாய் என்று இரண்டு வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே வாய்தான் வைத்திருந்தேன்.

அவருக்கு அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோ” என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒரு பெட்டி, ஒரு சாக்கு மூட்டையோடு அவரை ஊருக்குக் கூட்டிவந்தேன். சாக்குக்குள் பழைய கோல்ஃப் பந்துகள் பத்துப் பதினைந்தும் ஒரு மட்டையும் இருந்தன. வேலையை விட்டு வரும்போது அந்தக் கிளப்பின் மெம்பர் ஒருவர் கொடுத்த மட்டையாம். வெட்ஜ் என்று அதற்குப் பெயர் சொன்னார். இரும்புத் தலையின் அடியில் 60 என்று எழுதியிருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள் கோவில்பட்டிக்குப் போய்க் கைக்குப் பயிற்சி கொடுத்து வந்தோம். அங்கே ஒரு பிசியோதெரபி தம்பி ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வான். வீட்டிலும் அமுக்க வேண்டும். இரண்டு நாள் அமுக்குவார், மூன்றாம் நாள் பந்து கட்டிலுக்கடியில் கிடக்கும். நான் கத்துவேன். ஒரு சாயங்காலம் அவராகவே சாக்கை அவிழ்த்து அந்த மட்டையை எடுத்தார்.

எங்கள் முற்றத்துக்கும் களத்துக்கும் நடுவே என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர் உண்டு. சுவரிலிருந்து ஆறு தப்படி தள்ளி நின்றார். இடது கைதான் முக்கியமாகப் பிடித்தது, வலது கை சும்மா கூட ஒட்டிக்கொண்டிருந்தது. லேசாகத்தான் வீசினார். மட்டை தரையில் மோதித் துள்ளிப் பந்தின் நெற்றியில் அடித்தது. பந்து ஓடிப்போய் வெந்நீர்ப் பானையில் இடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தரை சரியில்லட்டி” என்றார். “காஞ்ச கரிசல் பாறையாக் கிடக்கு. அடியில புல்லு வேணும்.”

“என்ன புல்லு?”

அவர் புஞ்சைப் பக்கம் பார்த்தார். நான் புரிந்துகொண்டு, “என் வீட்டு முத்தத்துல அருகா? நான் செத்த பிறகு வச்சுக்கோங்க” என்றேன். நாலு நாள் சண்டை. கடைசியில் ஒரு கட்டில் அகலத்துக்கு இடம் விட்டேன். அருகுக்கு ஊரில் பஞ்சமா, என் புஞ்சையிலிருந்தே கொண்டுவந்து நட்டார். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டேன். ஒரு மாசத்தில் மெத்தென்று படர்ந்துவிட்டது.

அதன்மேல் பந்தை வைத்து அவர் அடித்ததை நான் முதல் தடவை பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அதே லேசான வீச்சுதான். பந்து நிமிர்ந்து மேலே எழும்பி, சுவரைத் தாண்டி, அந்தப் பக்கம் உளுந்து காயப்போட விரித்திருந்த படுதாவில் பொத்தென்று விழுந்து அங்கேயே நின்றது. ஓடவில்லை.

“ஆத்தாடி! இம்புட்டுத் தெம்பு எங்க வச்சிருந்தீங்க?”

“தெம்பு எதுக்கு? இது கிட்டத்துல போடுற மட்டை. நாம தூக்கக் கூடாது. சும்மா கீழ விட்டாப் போதும், இரும்பே தூக்கிரும்.”

அதன்பிறகும் என்னவோ விளக்கினார். அந்த மட்டையின் முகம், அதன் சாய்வு, மேட்டையும் மணல் குழியையும் தாண்டிப் பந்தை மெதுவாக இறக்குவது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் பேச்சு என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பத்துப் பந்து. அவர் அடிப்பார், நான் களத்துப் பக்கம் நின்று எண்ணிப் பொறுக்குவேன். முதலில் பத்தில் மூன்று தாண்டியது. பிறகு ஐந்து. வலது கை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க ஆரம்பித்ததை ரப்பர் பந்தை வைத்து நான் தெரிந்துகொள்ளவில்லை, சுவரை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆறு, ஏழு வந்த சமயத்தில் அவர் ஒரு ஆசையைச் சொன்னார். பெங்களூருக்கு ஒரு தடவை போய் அந்த மைதானத்தைப் பார்க்க வேண்டும். பந்து விழுகிற ஒன்பதாவது குழியைச் சுற்றிப் போட்ட புல்தரை முழுக்க அவர் கையால் நட்டதாம். நோய் வந்த நாளில் அதைப் பாதி வெட்டியபடி விட்டுவிட்டு வந்தாராம். “ஒரு தடவ செருப்பக் கழட்டிட்டு அதுல நிக்கணும்ட்டி. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார்.

எனக்குப் பயம். ரயிலில் ராத்திரி முழுக்கப் பயணம், மேல் படுக்கை கிடைத்தால் என்ன செய்வது, கக்கூசுக்கு எப்படிக் கூட்டிப்போவது. பயத்தைப் பயமென்று சொல்லத் தெரியாமல் அதட்டலாகச் சொன்னேன். “பத்துக்குப் பத்து சுவரத் தாண்டட்டும். அன்னைக்கே டிக்கெட் எடுக்குதேன்.”

“சத்தியமா?”

“நான் சொன்னாச் சொன்னதுதான்.”

அவர் சிரித்தார். அதன்பிறகு நான் கூப்பிடாமலே வெயில் தாழ்ந்ததும் புல்லில் போய் நிற்பார். ஆவணிக் கடைசியில் ஒரு நாள் ஒன்பது தாண்டியது. பத்தாவது பந்து மட்டும் மட்டையில் வழுக்கி, எழும்பாமல் சுவரில் இடித்தது. “ஐயோ” என்று நான்தான் கத்தினேன். அவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. மட்டையின் இரும்பு மல்லாந்து கிடந்தது.

களைக்கொத்து பிடிக்கிறவளுக்கு இது பார்த்தவுடன் தெரியும். கொத்தின் வாய் விரிந்துவிட்டால் மண்ணைக் கடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். வருஷா வருஷம் விதைப்புக்கு முன்னால் கொத்து, மண்வெட்டி எல்லாவற்றையும் ஆசாரி பட்டறையில் கொடுத்து, காய்ச்சி அடித்து, வாயை நிமிர்த்தி வாங்கிவருவது எங்கள் வழக்கம். இந்த மனுஷர் மூட்டையில் போட்டு ரயிலில் கொண்டுவந்ததில், எவனோ மேலே பெட்டியை வைத்து வாயை விரித்துவிட்டிருக்கிறான், அதை வைத்துக்கொண்டே ஒன்பது அடித்துவிட்டார், சரியாக இருந்தால் பத்து நிச்சயம். நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அவரிடம் கேட்கவில்லை. சரி பண்ணிக் கொண்டுவந்து நீட்டும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

மறுநாள் அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது நாலு களைக்கொத்தோடு மட்டையையும் எடுத்துக்கொண்டு மினி பஸ்ஸில் பட்டறைக்குப் போனேன். ஆசாரி அதைக் கையில் வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“அக்கா, இது இப்படித்தான் இருக்குமோ என்னமோ. அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவமா?”

“அவியளுக்குப் புல்லு தெரியும், இரும்பு தெரியாது. வாய் விரிஞ்சிருக்கது எனக்குத் தெரியாதா? நான் சொல்லுதேன், நிமித்துங்க.”

உலையில் வைத்ததும் உள்ளே இருந்த பசை உருகி இரும்புத்தலை தனியே கழன்று வந்தது. கழுத்தில் இருந்த கறுப்பு வளையம் கருகிப்போனது. ஆசாரி தலையைச் சிவக்கக் காய்ச்சி, நாலு அடி அடித்து, முகத்தை நேராக நிமிர்த்தினார். பிறகு மண்வெட்டிக்கு ஆப்பு வைக்கிற மாதிரி ஒரு தகடு வைத்துக் கம்பியில் இறுக்கித் தந்தார். சூட்டில் இரும்பின் கழுத்து நீலம் பாய்ந்திருந்தது. அதைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நீட்டினேன். “பாருங்க. வாய நிமித்திக் கொண்டாந்துட்டேன். இனி பத்துக்குப் பத்து.”

அவர் வாங்கினார். இரும்பைத் தொட்டுப் பார்த்தார். கட்டை விரலால் அந்த 60-ஐத் தடவினார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

“நல்லா இருக்குட்டி” என்றார்.

அன்று சாயங்காலம் இரண்டு பந்து தாண்டியது. மறுநாள் ஒன்று. மற்றவையெல்லாம் தாழ்வாகப் போய்ச் சுவரில் இடித்து அவர் காலடிக்கே உருண்டு திரும்பின. மட்டையைப் படுக்கப்போட்டுப் பார்த்தார், உடம்பைச் சாய்த்துப் பார்த்தார். என்ன செய்தும் மூன்று, நாலுக்கு மேல் போகவில்லை.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?” என்றேன்.

“கை விட்டுருச்சு போல.”

அந்த வாரம் ஒரு நாள் முடிவெட்டிவிட்டு வருகிறேன் என்று தனியாகவே மினி பஸ் ஏறிப்போனார். மத்தியானம் கழித்துத் திரும்பினார். முடி அப்படியே இருந்தது. கேட்டதற்குக் கடை பூட்டியிருந்தது என்றார். அதற்கும் ஏசினேன். “ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுப் போறதுக்கென்ன? இருக்க கால் சீவனையும் நடந்து தீக்கணுமா?”

கை விட்டுவிட்டது என்று அவரே சொன்ன பிறகு எனக்கு ராப்பகலாகத் தூக்கமில்லை. கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனேன். பிசியோதெரபி தம்பி ஒரு மிஷினைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, “முன்னைக்கு இப்ப நல்லாவே இருக்கும்மா. கையில பெலன் கூடிருக்கு” என்றான். அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

“நீ மிஷினப் பாக்க. நான் பந்தப் பாக்கேன். ஒம்போது போட்ட மனுஷர் ரெண்டு போடுதாவ, பெலன் கூடிருக்குன்னு சொல்லுத!”

அந்தத் தம்பி முழித்தான். அவர் என் கையைப் பிடித்து, “விடுட்டி, வா போவோம்” என்றார். வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், எனக்குக் கோபம் வந்தால் அதுதான் வாங்கிக் கொடுப்பார்.

பெங்களூர் போவதைப் பற்றி அவர் இரண்டு தடவை கேட்டார். ஒருமுறை கொத்துமல்லி விதைத்த அன்று, “போவமாட்டி, ஒரு தடவ?” என்றார். இன்னொரு முறை ஐப்பசி மழை நின்ற ஒரு காலையில் கேட்டார். இரண்டு தடவையும் நான் அதே பதிலைத்தான் சொன்னேன். “மொதல்ல பத்து தாண்டட்டும். மட்டையையும் சரி பண்ணிக் குடுத்தாச்சு. இன்னும் என்ன?”

அந்த ‘இன்னும் என்ன’ இன்றைக்கும் என் காதிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார். சாயங்காலம் வழக்கம்போல் புல்லில் போய் நின்று பத்துப் பந்தை அடித்தார். மூன்று தாண்டியது.

கார்த்திகையில் ஒரு விடியற்காலம் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. ஆம்புலன்ஸ் கோவில்பட்டியைத் தொடுமுன் போய்விட்டார். அதைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து ஒரு வாரம் கழித்து, அவரோடு அந்த மைதானத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் பெங்களூரிலிருந்து துட்டி கேட்க வந்தார். சேலத்துப் பக்கத்துக்காரர். காப்பி குடித்துவிட்டு, முற்றத்துப் புல்லைப் பார்த்ததும் எழுந்துபோய்க் குனிந்து தடவினார். “அண்ணன் கை” என்று சொல்லி அழுதார். சுவரோரம் சாத்தியிருந்த மட்டையை எடுத்தார். எடுத்தவர் அழுகையை நிறுத்திவிட்டு அதையே உற்றுப் பார்த்தார்.

“அண்ணி, இது யார் பண்ணது?”

“என்னது?”

“அறுபதுன்னு போட்டிருக்கு. அறுபதுன்னா முகம் அறுபது டிகிரி சாய்ஞ்சிருக்கும்னு அர்த்தம். அது சாய்ஞ்சிருந்தாத்தான் பந்து மேல ஏறும். இதை யாரோ நேராக்கிட்டாங்களே. இதுல எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் அடிச்சாலும் இந்தச் சுவர் தாண்டுறது கஷ்டம்.”

“அவியளுக்கு அது தெரியுமா?”

என்ன மடத்தனமான கேள்வி. அவர் என்னைப் பார்த்தார். “அண்ணன் இருபத்தேழு வருஷம் அங்க இருந்தவர், அண்ணி” என்றார்.

அவரை வழியனுப்பிவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஆசாரி துருத்தியை நிறுத்தினார். நான் மட்டையை அவர் முன்னால் வைத்தேன். அவராகவே சொன்னார்.

“நீங்க வந்துட்டுப் போன அந்த வாரமே அண்ணாச்சி வந்தாவக்கா. பழையபடி மல்லாத்த முடியுமான்னு கேட்டாவ. இன்னொருக்காக் காய்ச்சி அடிச்சா கழுத்து ஒடிஞ்சிரும்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பலகையில உக்காந்திருந்தாவ. பொறவு, ‘சரி, இருக்கட்டும். ஆசையாக் கொண்டாந்து குடுத்தா. நான் வந்ததை அவட்ட சொல்லிராதீங்க’ன்னுட்டுப் போயிட்டாவ.”

முடிவெட்டப் போன நாள் அதுதான்.

நான் பட்டறையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஊரே பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். எனக்கு ஆறாத ஒன்று உண்டு. ஏட்டி, கூறு கெட்டவளே, என் மட்டையை நாசமாக்கிவிட்டாயே என்று அவர் ஒரு தடவை என்னை ஏசியிருக்கக் கூடாதா? ஆயுசெல்லாம் நான் அவரை ஏசினேனே, பதிலுக்கு அந்த ஒன்றையாவது ஏசியிருந்தால் அன்றைக்கே டிக்கெட் எடுத்திருப்பேன். அவர் தன் கையைக் குற்றம் சொன்னார். சொல்லிவிட்டு என் கைக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

சேலத்துக்காரர் போனில் கூப்பிடுகிறார். ஒரு தடவை வாங்க அண்ணி, அண்ணன் போட்ட புல்லைப் பாருங்க என்கிறார். என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போகாத இடத்தில் எனக்கென்ன சோலி? வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தலைத்திவசம் முடிந்து வந்த பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். வீடு முழுக்க அடித்தான். முற்றத்துச் சுவருக்கு வந்தபோது நான் மறித்துக்கொண்டேன். அதில் முழங்கால் உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை பந்து பட்ட தடங்கள், வட்டம் வட்டமாகக் காரை பெயர்ந்து கிடக்கின்றன. சாயங்காலமானால் அந்தச் சுவரோரம் போய் நிற்கிறேன். ஒவ்வொரு தடத்திலும் விரலை வைக்கிறேன். இது தாண்டியிருக்கும். இதுவும் தாண்டியிருக்கும். பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.